கப்பைத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கிக் கமிட்டி

ஏலப்பாறைக்குக் கீழே, கப்பை என்கிற மரவள்ளித் தோட்டத்து ஓலைக் கொட்டகையில், ஒரு புதன்கிழமை மாலை ஏழேகாலுக்கு அந்த முடிவு எடுக்கப்பட்டது. வாங்கப் போகும் துப்பாக்கியின் கட்டை மரமாக இருக்க வேண்டியதில்லை, பிளாஸ்டிக் போதும். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர் தன் எதிர்ப்பை மினிட்ஸில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அந்தக் கொட்டகையை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான்... அவித்த கப்பை, காந்தாரி மிளகாய்ச் சட்னி, ஈரச் சாக்கு, ஃபிட்டர் செல்லத்துரை அண்ணன் சட்டையில் ஃபேக்டரி கிரீஸ்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. நான் அப்போது தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் கிளார்க்.

தோட்டம் ஜெபராஜ் அத்தானுடையது. என் அக்கா ரோஸ்லினின் கணவர். தொடர்ந்து இரண்டு வருஷம் அவர் கப்பை நட்டார், காட்டுப்பன்னி அறுவடை செய்தது. மூன்றாம் வருஷம் நடும்போதே அக்கா சொல்லிவிட்டாள்.

"இந்த வருசமும் பன்னிக்குத்தான் போவுதுன்னா, நான் பிள்ளையளக் கூட்டிக்கிட்டுப் போடிக்குப் போறேன். எங்கம்மா வீட்ல பன்னி கிடையாது."

அக்கா எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை.

அத்தானிடம் லைசென்ஸ் இருந்தது. பயிரில் இறங்கும் பன்னியைச் சுட பஞ்சாயத்தும் அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் கையில் இருந்தது அவர் அப்பா காலத்து ஒற்றைக்குழல். ஒரு தோட்டாவைச் சுட்டு, அடுத்ததை டவுசர் பையில் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பன்னி அடுத்த வார்டுக்குப் போய்விடும். ஆகவே செமி ஆட்டோமேட்டிக். விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்து வெடிக்கும். ஆனால் விலை கைக்கு அடங்க வேண்டும்.

அத்தான் தனியாகக் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூன்று பேர் சேர்ந்தால் அது கமிட்டி. கமிட்டி என்றால் சர்ச்சில் நடப்பதுபோலத்தான் நடக்கும்... ஆரம்ப ஜெபம், ஒரு பாட்டு, போன கூட்டத்து மினிட்ஸ், விவாதம், முடிவு ஜெபம், இன்னொரு பாட்டு.

அத்தான், செல்லத்துரை அண்ணன், ஜீப் டிரைவர் மரியதாஸ், நான். இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதால் நான் செக்ரட்டரி. பன்னி வரும் தூரத்தை நேரில் பார்த்தால்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று மரியதாஸ் சொன்னதால், கூட்டம் தினமும் தோட்டத்திலேயே. ஆளுக்கொரு எமர்ஜென்சி லைட். பாட்டுக்கு மரியதாஸின் கஞ்சிரா.

சுட்ட புகையின் அழுத்தத்தில் அடுத்த தோட்டா ஏறும் ரகம் ஒன்று, பின்னால் உதைக்கும் வேகத்தில் ஏறும் ரகம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் பதினான்கு கூட்டம்.

"புகை ரகம்னா கரி பிடிக்கும். ஆனா நான் கழத்தித் தொடச்சிருவேன்" என்றார் செல்லத்துரை அண்ணன்.

"நீரு போன மாசம் என் ஜீப்பக் கழத்தினீரு. அதுல மூணு போல்ட்டு இன்னும் உம்ம வீட்லதான் கெடக்கு" என்றார் மரியதாஸ்.

இது மினிட்ஸில் இல்லை.

அத்தான் இடதுகைக்காரர் என்பது இருபதாவது கூட்டத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வலதுபக்கம் தெறிக்கும்... இடதுதோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது மூக்குக்கு முன்னால் பறக்கும். இடதுகைக்கென்றே செய்தது உண்டு, விலை எட்டவில்லை. அத்தானை வலதுகைக்கு மாற்றுவது என்று ஏகமனதாக முடிவானது. மூன்று வாரம் குடையை வலதுதோளில் வைத்து வாழைமரத்தைக் குறிபார்த்தார். எஸ்டேட் லயத்து வீட்டுப் பெண்கள் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு துருக்கித் துப்பாக்கி தேர்வானது. புகை ரகம், பிளாஸ்டிக் கட்டை, மூன்று கிலோ சொச்சம். ஸ்டேஷனில் காட்டி, லைசென்ஸில் பதிந்து, அது வீடு வந்து சேர்ந்தபோது தை மாசம். கப்பை பறித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு கிழங்குகூட வீணாகவில்லை. கமிட்டி தின்றது தவிர.

ஸ்தோத்திர ஜெபத்தோடு கமிட்டியைக் கலைக்கப் போனோம். சாயா கொண்டுவந்த அக்கா டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"கலைக்காண்டாம்."

"ஏன், துப்பாக்கிதான் வந்துருச்சே?" என்றார் அத்தான்.

"நீங்க நாலு பேரும் பாடுன இத்தன மாசத்துல ஒரு பன்னி எட்டிப் பாத்துச்சா? கேக்க முடியாம மலைக்கு அந்தாண்ட போயிருச்சு. அடுத்த வருசத்துக்கு வேற என்னமாச்சும் தேர்ந்தெடுங்க. மெதுவாத் தேர்ந்தெடுங்க."

மரியதாஸுக்கு முகம் கொஞ்சம் வாடியது. மெயின் குரல் அவருடையது.

இப்போது நான் எர்ணாகுளத்தில் இருக்கிறேன். போன வாரம் வாஷிங் மெஷின் வாங்கினேன். ஃபோனில், நான்கு நிமிஷம். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் ஜெபிக்கவில்லை. நல்ல மெஷின்தான்... ஆனால் அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் துப்பாக்கியைப் பற்றி இன்றும் ஒரு மணி நேரம் பேசுவேன்.

அடுத்த வருஷம் கமிட்டி துப்பாக்கிக்கு உறை தேர்ந்தெடுத்தது. அதற்கடுத்த வருஷம் உறையை மாட்ட ஆணி. இந்த வருஷம் ஆணி அடிக்கும் சுவர் பற்றிப் பேசுகிறார்கள் என்று மரியதாஸ் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னால் கஞ்சிரா கேட்டது.

அக்கா போடிக்குப் பொங்கலுக்கு மட்டும் போய் வருகிறாள். துப்பாக்கி இதுவரை வெடிக்கவில்லை.