சுழியைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை

இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நான் வில்லியனூரில் குதிரைத் தரகன். பட்டணத்து வெள்ளைக்கார அதிகாரிகள் குறுக்குக்கட்டை வைத்து, அதன்மேல் குதிரையைத் தாண்டவிட்டு விளையாடுவார்கள். அவர்களுக்கு நன்றாகத் தாண்டும் குதிரை பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறை சொல்லியே விலையை இறக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற பெருமை வேறு.

பாகூர்ப் பக்கம் ஒரு பெண்குதிரை தினமும் வேலி தாண்டிப் போய்க் கரும்பைத் தின்பதாகவும், ஊரே திட்டுவதாகவும் கேள்விப்பட்டேன். ஊருக்குத் தொல்லை, எனக்கு அதிர்ஷ்டம். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

குதிரைக்குச் சொந்தக்காரர் நாற்பது வயது அம்மா ஒருவர். அவர் கணவர் அந்தக் குதிரையைப் பூட்டித்தான் வண்டி ஓட்டினாராம். காய்ச்சலில் போய்விட்டார். குதிரையின் இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழியும் இடத்தில் ஒரு சுழி. அதுதான் ஆளை விழுங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாங்க ஒருவரும் வரவில்லை. அந்த அம்மாவுக்கோ மழைக்கு முன்பு ஒரு ஜோடி உழவு மாடு வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை நிலம் வேறு கைக்குப் போய்விடும்.

வெள்ளைக்காரர்கள் சுழியெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வேனா? பல்லைப் பார்த்தேன், குளம்பைத் தட்டினேன், பிறகு சுழியில் விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வழக்கமாகத் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவோம். பெண்பிள்ளையிடம் அப்படிப் பேச முடியாதே! கூடியிருந்தவர்கள் காதில் விழவே பேசினேன்.

"இந்தச் சுழியோட எவன் வாங்குவான் யக்கா? ஏதோ உங்க கஷ்டத்துக்காக ஓட்டிக்கினு போறேன்."

அவர் கேட்ட விலையில் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் தலையசைத்தார். கயிற்றை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. நான் தாண்டும் குதிரை தேடுகிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"இருப்பா. இதும்மேல குந்தி தாண்டப் போறது யாரு?"

"ஒரு சின்ன தொரை."

"அப்ப ஒண்ணு சொல்லிப்புடறேன். இதுக்கு எடது கண்ணு தெரியாது."

பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன், "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்று பல்லைக் கடித்தார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தேன். கண்மணி மேல் பாலாடை மாதிரி மெல்லிய படலம். இவ்வளவு நேரமும் அதற்கு ஒரு விரற்கடை கீழேதான் என் விரல் இருந்திருக்கிறது!

"மூஞ்ச எடப்பக்கம் திருப்பி வுடணும். அப்பத்தான் நல்ல கண்ணுல கட்டை படும். இல்லன்னா காலு இடிச்சி கவுந்துடும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி வாய்க்காலை நோக்கி ஓடினார். கரையில் குதிரையின் முகத்தை இடது பக்கம் திருப்பினார். அது தாண்டியது. கூடவே அவரும் தாண்டினார். எத்தனையோ சவாரிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படியொரு தாண்டலைப் பார்த்ததில்லை.

"வெலைதான் முடிஞ்சிடுச்சே யக்கா, இன்னாத்துக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மாடு இல்லன்னா நெலம்தான் போவும். கழுத்து முறிஞ்சா அந்தப் புள்ள எழுந்து வருமா? நீ சுழியவே பாத்துக்கினு இருந்த, கண்ண பாக்கல. அது எனக்குத் தெரியுதே, எப்பிடி சொல்லாம வுடறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லார் முன்னாலும், அவர் முதலில் கேட்ட விலையையே தருவதாகச் சொன்னேன். அதற்கும் அவர் ஒப்பவில்லை.

"சுழிக்குக் கழிக்காத. கண்ணுக்குக் கழிச்சிக்கோ."

அப்படியே செய்தேன். அதிகாரியிடம் இரண்டையும் சொன்னேன். சுழியைக் கேட்டுச் சிரித்தார். கண்ணை மட்டும் வெகுநேரம் பார்த்தார். அந்த அம்மா சொன்னபடியே முகத்தைத் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மழைக்கு முன்பே அந்த அம்மா வாசலில் ஒரு ஜோடி மாடு நின்றது.

அதற்குப் பிறகு நான் விற்ற ஒவ்வொரு குதிரைக்கும் குறையைத்தான் முதலில் சொன்னேன். சில பேரங்கள் கைநழுவிப் போயின. ஆனால் அதைச் சொன்னபோதெல்லாம் எனக்கு வயிற்றில் சோறு இருந்தது. அந்த அம்மா சொன்னபோது அவருக்கு அடுத்த விளைச்சலுக்கே வழியில்லை என்பதை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடுகிறது.