கடல் ஒதுக்கிய கதவு

வேலியோரம் முளைத்திருந்த ஊமத்தையை இன்று காலை பிடுங்கி எறிந்தேன். அந்தக் கெட்ட வாடை இரண்டு முறை சவர்க்காரம் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. நாவற்குடாவில் சும்மா இருந்த என்னை அது நேரே பனிச்சங்கேணிக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது சுனாமி வந்து மூன்று மாதம் இருக்கும். கூடாரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டிலில் நான் தொண்டர் ஆசிரியை. சம்பளம் கிடையாது, ஆனாலும் சேலை மடிப்புக் குலையாமல்தான் போவேன், பெரிய பள்ளிக்கூட அதிபர் என்ற நினைப்பு! கரும்பலகை இல்லை. கடல் அள்ளிவந்து வாவியோரம் ஒதுக்கிய கதவொன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து தூக்கி வந்தேன். அதன் ஓரத்தில் சில கத்திக் கீறல்கள். எழுதும்போது சோக்கட்டி தடக்குமே என்று உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து அழித்தேன். பிறகு ஊமத்தையிலையும் கரியும் அரைத்துப் பூசினோம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல்நாள் வராதிருந்த பதினொரு வயதுச் சுகந்தி, மறுநாள் பலகையைக் கண்டதும் வாசலோடு நின்றுவிட்டாள்.

"ஏன்கா புள்ள, உள்ள வாவன்."

"அது எங்கட கதவு டீச்சர். தம்பிட உசரத்த அப்பா அதிலதான் கீறி வெச்சாரு."

தகப்பனையும் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய கீறல்களைத்தான் நான் தேய்த்திருந்தேன். இத்தனை காலமாகியும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

ஒரு கிழமையாக அவள் படிக்க வரவில்லை. கதவைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று தாயிடம் போனேன்.

"வீடே இல்ல, கதவ எங்க டீச்சர் போடுற? அவளப் படிப்பிச்சி விடுங்க, அது காணும்."

சுகந்தி வந்தாள். கணக்கும் வாசிப்பும் அவளுக்கு மளமளவென்று ஓடின. பலகையில் எழுதும்போது மட்டும் அந்த ஓரத்தைத் தொடமாட்டாள். பார்த்துப் பார்த்து நானும் அங்கே எழுதுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் சண்டை மூண்டு ஷெல் விழத் தொடங்கியது. ஊரே உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. திரும்பிப் போனபோது கொட்டிலும் இல்லை, கதவும் இல்லை. யாராவது அடுப்பெரித்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முகாம் முகாமாக இருந்து படித்த சுகந்தி இப்போது கரடியனாற்றில் பாலர் பாடசாலை டீச்சர். போன மாதம் பஸ்ஸில் கண்டேன். தன் பாடசாலைப் பிள்ளைகளின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவள், இறங்கும் இடம் நெருங்க எழுந்து நின்று கேட்டாள்:

"டீச்சர், தம்பிட கடைசிக் கீறல் எவ்வளவு உசரத்துல இருந்திச்சி? அம்மாவும் இப்ப இல்ல. நீங்க கண்டிருப்பீங்கதானே."

கையை உயர்த்தினேன். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.