பதினொரு அங்குலச் சன்னல் திட்டு

வெஸ்டா டன்னகன் வீட்டுச் சன்னல் திட்டின் அகலம் பதினொரு அங்குலம். பலகை வீடென்றால் நான்கு அங்குலத்தைத் தாண்டாது. 1934 மே மாதம் அரசாங்கப் பூங்காவுக்காக வீடுகளை அளவெடுக்க வந்த பிரெண்டிஸ் என்ற இளைஞர், தொப்பியைக் கழற்றி அந்தத் திட்டின்மேல்தான் வைத்தார். தொப்பி முழுசாக உட்கார்ந்துகொண்டது. வெஸ்டா அதைச் சட்டென்று எடுத்து ஆணியில் மாட்டினாள். திட்டின் அகலத்தை அவர் கவனிக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் இன்னொரு வீடு இருந்தது. அவளுடைய மாமனார் செஸ்ட்நட் மரங்களைக் கோடரியால் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பிக் கட்டியது. மலைக்கு மர அறுவை ஆலை வந்ததும், பள்ளத்தாக்கில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் முதலில் செய்தது அந்தக் கட்டைச் சுவரைப் பலகை அடித்து மறைப்பதுதான். மறைக்காத வீடு வக்கற்றவர்கள் வீடு. வெஸ்டாவும் கணவன் ஹோபர்ட்டும் மூன்று இலையுதிர்காலம், பன்றிகள் வருவதற்குள் எழுந்துபோய் செஸ்ட்நட் கொட்டை பொறுக்கினார்கள். இரண்டு நாள் வண்டிப் பயணத்தில் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அப்படி வந்தது பலகை. வெள்ளைச் சாயத்துக்கு இன்னொரு வருஷம் ஆனது. உள்ளே பூப்போட்ட காகிதம் ஒட்டினாள். அதற்குள் கட்டை இருப்பதே ஊருக்கு மறந்துபோனது.

1919இல் வெட்டிய மரம் ஒன்று உருண்டு ஹோபர்ட் செத்துப்போனான். மகள் நூற்பாலைக்குப் போய்விட்டாள். அடுத்து செஸ்ட்நட் மரங்களுக்குப் பட்டைநோய் வந்தது. பத்தே வருஷத்தில் மலை முழுக்க வெளிறிப்போய்ச் செத்து நின்றன. கடைசியாக, அரசாங்கம் பள்ளத்தாக்கையே பூங்காவுக்கென்று வாங்கியது. வெஸ்டா கையெழுத்துப் போட்டாள். போடாமல் இருந்தால் வழக்குப் போட்டு எடுத்திருப்பார்கள். சாகும்வரை அங்கேயே இருக்க விடுவார்களா என்பது மட்டும்தான் அவளுடைய கவலை. நல்ல வீடாக இருந்தால் விடுவார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

அதனால் பிரெண்டிஸுக்குச் சோளரொட்டி வைக்கவில்லை. கோதுமை மாவு பிஸ்கட்டும் தேனும் வைத்தாள். வீட்டை யார் கட்டியது என்று அவர் கேட்டார்.

“என் வீட்டுக்காரர்தான். தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல. எல்லாம் ஆலைப் பலகை, தம்பி. கோடாலி பட்ட மரம் இந்த வீட்டுல ஒண்ணுகூடக் கிடையாது.”

அவர் எழுதிக்கொண்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்து, பிஸ்கட் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தேன் ஊற்றினாள். கூடவே ஒரு சிரிப்பு வேறு. “கட்டையை அடுக்கின வீடு பாக்கணும்னா ஓடைக்கு மேல என் ஓரகத்தி ஆர்லீனா வீட்டுக்குப் போங்க. பனிக்காலத்துல அவளுக்கு வெளியவே போக வேணாம், பனியே உள்ள வந்துரும்.”

அவர் போனார்.

ஆகஸ்டில் இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது. மலைக்காரர்களின் பழைய கட்டை வீடுகள், ஜனங்கள் வந்து பார்ப்பதற்காக நிற்கும். அவற்றில் இருப்பவர்கள் சாகும்வரை இருக்கலாம். மற்ற வீடுகள் இடிக்கப்படும். வெஸ்டா நவம்பருக்குள் காலி செய்ய வேண்டும்.

ஆர்லீனா தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, அந்தத் தம்பி என் சுவரைத் தடவித் தடவிப் பாத்துட்டுக் கண்ணு கலங்கிட்டாரு. பாவப்பட்டுப் பலகை வாங்கித் தருவாருன்னு நெனைச்சேன். நீ சொல்லித்தான் வந்தாராமே.”

மறுநாள் வெஸ்டா ஒன்பது மைல் நடந்து அலுவலகத்துக்குப் போனாள். என் வீட்டுக்குள்ளும் கட்டை இருக்கிறது என்றாள். கடிதம் போனதிலிருந்து எல்லார் வீட்டுக்குள்ளும் கட்டை முளைத்துவிட்டது என்றார் குமாஸ்தா. மே மாதம் பிரெண்டிஸிடம் அவள் சொன்னதை அவளிடமே வாசித்தும் காட்டினார்.

திரும்பி வந்தவள் ஹோபர்ட்டின் கடப்பாரையை எடுத்தாள். ஐம்பத்தைந்து வயதில், நான்கு நாளில், முன்பக்கப் பலகை முழுவதையும் பெயர்த்துப் போட்டாள். மூன்று இலையுதிர்காலத்துக் கொட்டைகள் பலகையாக முற்றத்தில் குவிந்துகிடந்தன. பின்னால் மாமனாரின் கோடரித் தடங்களோடு கட்டைகள் அப்படியே இருந்தன. பிறகு ஆள் அனுப்பி பிரெண்டிஸை வரவழைத்தாள்.

அவர் அளந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டையும் இருபத்தாறு அங்குல உயரம். “இந்த அளவுக்கு மரம் இனி இந்த மலையில கிடையாதும்மா.”

“அப்போ வீடு நிக்கும்ல?”

அவர் வீட்டைச் சுற்றிவந்தார். பலகை படிந்து உட்காருவதற்காகப் பல கட்டைகளின் முனைகளை ஹோபர்ட் அறுத்து எடுத்திருந்தான். கண்ணாடிச் சன்னலுக்காகச் சுவரை நான்கு இடத்தில் வெட்டியிருந்தான்.

“பழசைக் கெடுத்துட்டீங்களேம்மா. பாக்க வர்றவங்களுக்குப் பழசு பழசாவே இருக்கணும்.”

“பாக்குறதுக்கு வச்சிருந்த வீடு இல்ல தம்பி. நாங்க குடியிருந்த வீடு.”

மரம் வீணாகாது என்று அவர் ஆறுதல் சொன்னார். சாக்குக்கட்டியை எடுத்து, முனை கெடாத கட்டைகளாகப் பார்த்து எண் போட்டார். அவள் முற்றத்தில் கிடந்த பலகைகளை அடுப்புக்கு உடைக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி வெஸ்டா மகளிடம் போய்ச் சேர்ந்தாள். அது நூற்பாலை கொடுத்த பலகை வீடு, வரிசையில் இருபதாவது. சன்னல் திட்டில் ஒரு கோப்பைகூட நிற்காது.

டிசம்பரில் பூங்காக்காரர்கள் வெஸ்டாவின் வீட்டைப் பிரித்து, எண் போட்ட கட்டைகளில் ஒன்பதை ஓடைக்கு மேலே இழுத்துப் போய், உளுத்திருந்த ஆர்லீனா வீட்டின் மேற்குச் சுவரை மாற்றிக் கட்டினார்கள்.