ரப்பர் மாதிரி கறியும் ஒரு செம்பு மோரும்

ஆட்டுக்கறி பெரட்டல் வற்றும்போது ஒரு வாசனை வரும்... மிளகும் சோம்பும் சட்டியில் பிடிக்கப்போகிற நேரத்து வாசனை. அன்றைக்கு அதோடு, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கிடந்த ரப்பர் ஒட்டுப்பால் மூட்டைகளின் புளித்த நாற்றமும் கலந்திருந்தது.

அந்தக் காற்றில்தான் என் கல்யாணப் பேச்சு நடந்தது.

செண்டாயான் பக்கம் இன்றைக்கு கேட்டும் காவலும் போட்ட வீடுகள் நிற்கிற இடத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது; அம்மா அங்கே பால் வெட்டினாள். அப்போது நான் ஃபேக்டரியில் சேர்ந்து ஒரு வருஷம். மாப்பிள்ளை கண்ணனும் அதே ஃபேக்டரி. அவர் வீடு ராசாவில். அவருக்கு அப்பா இல்லை. பெரியப்பா சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். சாப்பிட வந்தவர், பிடிக்கவில்லை என்று பாதி இலையில் எழுந்துவிட்டால், எங்கள் கல்யாணம் அதோடு முடிந்தது.

பெரியப்பா வேறொரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தன்னைவிட மூத்தவர்களை 'டேய்' என்று கூப்பிட்டே பழகியவர். வேலையை விட்டும் அந்த வாய் ஓய்வு பெறவில்லை.

வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"இன்னுமா இந்த வாடை போகல இங்க?"

கோயிலில் இரவல் வாங்கிய நீள மேசையில் இலை போட்டிருந்தோம். அம்மா சோறும் கோழிக்கறியும் வைத்தாள். பெரட்டல் மட்டும் அடுப்பில் வற்றிக்கொண்டிருந்தது. அதைச் சூடாகக் கடைசியில் வைப்பதாக ஏற்பாடு.

"பொண்ணு ஃபேக்டரியில வேலைன்னாங்க. என்னா வேலைமா, கூட்டுற வேலையா?"

"கியூசி பெரியப்பா, சரக்கு தரம் பாக்குற வேலை," என்றார் கண்ணன், தலையைக் குனிந்தபடி. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. உரக்கச் சொன்னால் என்ன?

பிறகு பெரியப்பா ஒரு கோழித்துண்டைக் கடித்தார். இழுத்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பால் வெட்டுன கையில சமைச்சா கறியும் ரப்பர் மாதிரிதான் இருக்கும்லா!"

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

அப்பாவை எனக்குத் தெரியும். அடுத்தது மேசை கவிழும். அப்பா எழுவதற்கு முன்னால் நானே வெளியே போய்க் கேட்டுவிடலாம் என்று அடுக்களை வாசலைத் தாண்டப் பார்த்தேன். கேட்பதற்கு நிறைய இருந்தது. பெரியப்பா தூங்கி எழுவதற்கு முன்னாலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போன அம்மாவின் கை அது. அந்தக் கை வெட்டிய பாலில்தான் கிராணிமார் வீட்டு அடுப்பும் எரிந்தது.

அம்மா என் கையில் அப்பளத் தட்டைத் திணித்தாள்.

"வாணி, இத உங்கப்பாவுக்கு வை. பேசாத."

மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பாவிடம் போனாள். அவர் இன்னும் திரும்பி உட்கார்ந்து, தன் நகைச்சுவைக்கு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இலைப் பக்கம் திரும்புவதற்குள் சோற்றில் மோர் விழுந்துவிட்டது.

"அண்ணனுக்குக் கறி மெல்ல கஷ்டமா இருக்கு போல. மோர் ஊத்திச் சாப்பிடுங்கண்ணே, வயித்துக்கு இதமா இருக்கும்."

குரலில் ஒரு முள் கிடையாது. உண்மையிலேயே அவர் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிற முகம்.

மோர் விழுந்தால் அந்த இலைக்குச் சாப்பாடு முடிந்தது. அதற்கு மேல் கறி வைக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும்.

அப்புறம்தான் பெரட்டல் சட்டி வந்தது... ஒவ்வொரு இலையாக. கண்ணனுக்கு இரண்டு கரண்டி. அவர் அம்மாவுக்கு நல்ல எலும்பாகப் பார்த்து.

"அது என்னாமா, மட்டனா?" என்றார் பெரியப்பா.

"ஆமாண்ணே. இதுவும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு வேணாம்."

கண்ணனின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எத்தனை வருஷச் சிரிப்போ! அப்பாவின் கை மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தது.

பெரியப்பாவால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. என்னவென்று சொல்லிக் கோபிப்பார்? மோர் ஊற்றி உபசரித்தார்கள் என்றா? மற்றவர்கள் எலும்பை உறிஞ்சி முடிக்கும்வரை கை காய உட்கார்ந்திருந்தார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். சாப்பாடு திருப்தி, உறவு தொடரட்டும் என்று அர்த்தம்.

"அப்புறம் என்னா, நாள் பாத்துருவோம்," என்றார் கண்ணனின் அம்மா. முதல் தடவையாகப் பெரியப்பாவைக் கேட்காமல்.

பல தடவை யோசித்திருக்கிறேன்... அவமானம் அம்மாவுக்கு, அதைச் சபை கெடாமல் சமாளிக்கிற வேலையும் அம்மாவுக்கா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று நான் வாயைத் திறந்திருந்தால் பெரியப்பா எழுந்திருப்பார். கல்யாணமும் போயிருக்கும், 'தோட்டத்துப் பொண்ணு, அப்படித்தான் பேசும்' என்ற பெயரும் கிடைத்திருக்கும். அம்மா அவருக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. இன்று எனக்குக் கோபம் வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக எழுதிவிட்டு வெளியேறுகிறேன். மறுநாள் யாராவது திரும்பச் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவரும் வாயை மூடியதாகத் தெரியவில்லை.

தோட்டம் போய்விட்டது. லயமும் இல்லை, அந்த நாற்றமும் இல்லை. இப்போது மம்பாவில் இருக்கிறோம். போன தீபாவளிக்குப் பெரியப்பா வந்தார். பஃபே மேசை, காகிதத் தட்டு. அம்மா கையில் ஏதோ பாத்திரத்தோடு வருவதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தட்டை மூடினார்.

"தங்கச்சி... மொதல்ல மட்டன்தானே?"

அம்மா வைத்தாள். நிதானமாக அவர் மெல்லுவதைப் பார்த்தாள்.

"மெல்ல முடியுதாண்ணே?"

"பஞ்சு மாதிரி வெந்துருக்குமா."

அன்றைக்கு அவர் இலைக்கு வராததும் இதே கறிதான். சமைத்ததும் இதே கைதான்.