கம்பளி போர்த்திய அண்டா

"என் அண்டாவுல இருந்து ஒரு கரண்டி குழம்பைக்கூட கெட்டுப்போச்சுன்னு மண்ணுல கொட்டினதா சரித்திரமே கிடையாது!"

மாணவர்களின் குளிர்கால முகாமுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கும் அண்டாக்காரர், முதல் வருடமே இடுப்பில் கைவைத்துச் செய்த பிரகடனம் இது. அதில் பொய்யில்லை. அவர் கொட்டியதே இல்லை. எல்லாம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய், அங்கே நிற்காமல் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது.

முகாமின் வயிற்றுப்போக்கு வரலாற்றைப் பாரபட்சமின்றிச் சொல்ல வேண்டும். முதல் வருடம் குற்றவாளி கிணற்றுத் தண்ணீர்; அதற்கு ஒரு வடிகட்டி வாங்கிப் போட்டார்கள். அடுத்த வருடம் பால்காரர் மாட்டினார். கேனைக்கூட எடுக்காமல் போய்விட்டார். பிறகு பேருந்து வந்த மலைப்பாதையின் வளைவுகள். ஒரு வருடம் உடற்பயிற்சி ஆசிரியர், "பிள்ளைகளை அதிகம் குனிய வைத்துவிட்டேன்" என்று எழுதியே கொடுத்தார். அன்று அவரே நாலு கழிப்பறைக்கு முன்னால் முப்பதாவது ஆளாக நின்று, "தம்பி, கொஞ்சம் விட்டுக்குடுப்பா" என்று மாணவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அண்டாவை யாரும் சந்தேகிக்கவில்லை. தினமும் காலையில் எல்லார் முன்னாலும் மேலாக ஒரு கரண்டி எடுத்து முதலில் சாப்பிடுவது அண்டாக்காரர்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது.

இறைச்சிக் குழம்பு முந்தின மாலையே வெந்துவிடும். அண்டாவை மூடிக் கம்பளி போர்த்திவைத்தால், காலையில் ரொட்டிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மறுபடி கொதிக்க வைப்பது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கொள்கை. பழைய போர்வைகளை ஒட்டுப்போட்டு அந்தக் கம்பளியைத் தைத்தவள் அவர் மனைவி. முகாமில் பாத்திரம் கழுவியதும் அவள்தான்.

"ஏங்க, ராத்திரியெல்லாம் சூடு உள்ளயே கெடந்தா கெட்டுடாதா?"

"இந்தப் பனியில எதுடி கெடும்? தைக்கிறதைத் தை."

தைத்தாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவாள். ஒவ்வொரு முகாமிலும் இரண்டு நாள் சுருண்டு படுப்பாள். "குளிர் ஒத்துக்கல" என்பாள். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் குளிர் அவளை எழுந்திருக்கவே விடவில்லை.

அதிலிருந்து அண்டாவுக்குப் போர்த்தும்போது ஓரங்களை இரண்டு தடவை செருகுவார், தூங்குகிறவளுக்குச் செருகுவதுபோல.

இந்த வருடம் புதிதாக வந்த நர்ஸம்மா, முதல் நாள் காலை பந்திக்கு முன்பே அண்டாவுக்குள் நீளமான வெப்பமானியை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, ராத்திரி முழுக்க இது வெதுவெதுன்னே இருந்திருக்கு. கிருமிக்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்கீங்க."

"இருபத்திரெண்டு வருஷமா மொதக் கரண்டி நான்தாம்மா சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"மேலாத்தானே எடுக்கறீங்க? கறி தங்குற அடியிலதான் ஆபத்து. அதை யாரு சாப்பிடுவாங்க?"

அண்டாக்காரர் கம்பளியின் தையலைப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி" என்றார்.

கம்பளியை உருவி நாலாக மடித்துத் தன் பெட்டிமேல் வைத்தார். "பிள்ளைங்களுக்கு இன்னிக்கு வெறும் ரொட்டி குடுங்கம்மா" என்றார். அண்டாவைத் தனியாளாகக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார். பனியை விலக்கிக் குழி தோண்டி, கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து வழித்து, அதையும் மண்ணில் போட்டார்.