லண்டன் அழைப்பும் என் மைத்துனரும்

எங்கள் வீட்டுச் சாம்பல் நிறத் தொலைபேசி முதன்முறையாகக் கடல் கடந்த குரலொன்றைக் கொண்டுவந்த மாலையைப் பற்றி எழுதுமுன், அப்போது நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றுச் சிங்கப்பூர் திரும்பியவன் நான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையொன்றில் கருவிப் பிரிவின் மேற்பார்வையாளர். குழாய்களின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் மானிகள் அனைத்தும் என் பொறுப்பில் இருந்தன. சிராங்கூன் சாலையில் நடந்தால் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வணக்கம் சொல்வார்கள். அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் தேக்கா சந்தையை ஒட்டியிருந்த எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைத் தேடி வருவார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பின்னாளில் பரவிய கதையை எடைபோட விரும்புகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. பொறியாளர் என்ற பதவிப் பெயர். நான் பழக்கிவிட்ட இளைஞர்கள் அந்தப் பெயரோடு மேலே போனார்கள். நான் கண்டுபிடித்த கோளாறுகளுக்கு அவர்கள் கையொப்பமிட்டார்கள். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த அந்த நேரத்தில், வளைகுடா நாடொன்றில் எரிவாயு ஆலை கட்டிய வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கருவிப் பொறியாளர் ஒருவர் தேவைப்பட்டார். சைனாடவுனில் அலுவலகம் வைத்திருந்த முகவர், ஒரு சீனர், என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அவற்றை நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பினார். தலைமைப் பொறியாளர் தொலைபேசியிலேயே என்னை நேர்முகத் தேர்வு செய்வார் என்று சில வாரங்களில் நாளும் நேரமும் சொன்னார். அப்படியொன்றை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. "நேர்முகத் தேர்வுங்குறாங்க, முகத்தையே பாக்க மாட்டாங்களாமே" என்று என் மனைவி வியந்தாள். எனக்கும் அது உறுத்தியது. ஆனால் வேறு வாய்ப்பு வரும் வயதில் நான் இல்லை.

இங்கேதான் என் மைத்துனர் வருகிறார். மனைவியின் அண்ணன், கப்பல் நிறுவனமொன்றில் தலைமை எழுத்தர், அடுத்த புளோக்கில் குடியிருந்தார். உடைக்கேற்ற செருப்பு போல் அழைப்புக்கேற்ற குரல் உண்டு என்று நம்பியவர். எங்கள் வீட்டில் மணி அடித்தால், அவர் இருக்கும் வேளையில், வேறு யாரும் எழ மாட்டோம். அது அவருடைய உரிமை என்று ஆகிவிட்டிருந்தது.

அவர் எனக்குக் கொடுத்த பயிற்சியை நான் மறுக்கவில்லை. எனக்கு வரக்கூடிய கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளோடு, முழங்கால் வலியோடு, மாலைதோறும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் அங்கிருந்த காசுத் தொலைபேசியிலிருந்து எங்கள் வீட்டை அழைப்பார். "குட் ஆஃப்டர்நூன், திஸ் இஸ் லண்டன்" என்று மூக்கால் பேசுவார். நான் மேலே, என் வரவேற்பறையில், நின்றபடி பதில் சொல்வேன். வரிசையில் காத்திருந்த மலாய்க்கார அம்மாள், "லாமா லா!" என்று எவ்வளவு நேரம்தான் பேசுவாய் என்னும் பொருளில் அதட்டுவது லண்டனின் பின்னணியில் கேட்கும். மைத்துனர் பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு, "சாரி காக்கா, சிக்கெஜாப், சிக்கெஜாப்" என்று, அக்கா ஒரு நிமிடம் என மலாயில் சமாதானம் சொல்லிவிட்டு அதே மூச்சில் லண்டனாகி விடுவார்.

அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் அழுத்தமானி திடீரெனப் பூஜ்யம் காட்டினால் என்ன செய்வீர்கள்? குழாயில் அழுத்தம் இல்லை என்று உடனே முடிவு கட்டமாட்டேன், முதலில் மானியைச் சந்தேகிப்பேன், வேறொரு வழியில் சரிபார்ப்பேன் என்பது என் பதில். "சூப்பர் மாப்ள! எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா கேக்க கம்பீரமா இருக்கு" என்பார்.

சில விதிகளையும் வகுத்தார். "டை கட்டிக்கிட்டு நில்லுங்க மாப்ள. அவன் பாக்கலன்னா என்ன, குரலு நேரா நிக்கும்." அதை ஏற்றேன். "மூணாவது மணிக்குத்தான் எடுக்கணும். மொத மணிக்கே எடுத்தா வேலவெட்டி இல்லாதவன்னு நெனப்பான் லா." அதையும் ஏற்றேன். மூன்றாவது விதிதான் என் வாழ்க்கையைத் திருப்பியது. "போன நீங்க எடுக்கக் கூடாது. பெரிய ஆபீசர் எவன் தானே போன் எடுக்குறான்? நான் எடுப்பேன். 'ஒன் மொமெண்ட், சார்'னு சொல்லி ஒங்க கைல குடுப்பேன். அப்பத்தான் மரியாத." ஆலையிலும் அதுதான் வழக்கம், எழுத்தர் எடுத்துத்தான் மேலதிகாரியிடம் கொடுப்பார். ஆகவே அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு என் தந்தை எங்கள் வீட்டில் காலமானார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஆயுள் முழுக்கப் பாரந்தூக்கி இயக்கியவர். தொலைபேசி இணைப்பே அவர் பெயரில்தான் இருந்தது. இறந்து மாதங்கள் ஆகியும் அவரைக் கேட்டு அழைப்புகள் வந்தன. உடன் வேலை செய்தவர்கள், கூட்டுறவுச் சங்கம், எப்போதோ அவருக்கு மேலிருந்து ஊர் திரும்பிவிட்ட வெள்ளைக்கார அதிகாரிகள். ஒவ்வொரு முறையும் என்ன சொல்வதென்று நாங்கள் தடுமாறுவதைக் கண்ட மைத்துனர் ஒரு வாக்கியம் அமைத்துத் தந்தார். "சாரி சார், ஹி இஸ் நோ மோர்." செத்துவிட்டார் என்பதைவிட இது கௌரவமானது என்றார். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவருக்கோ அது மூச்சுப் போல வந்தது.

அந்த மாலை நான் வெள்ளைச் சட்டையும் கருநீல டையும் அணிந்து சன்னலோரம் நின்றேன். மனைவி விசிறியை நிறுத்தியிருந்தாள். அதன் ஓசை லண்டன்வரை கேட்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மணி அடித்தது. மைத்துனர் ஒரு விரலை உயர்த்தினார், பிறகு இரண்டு, பிறகு மூன்று. எடுத்தார்.

"குட் ஆஃப்டர்நூன், சார்." சற்றுக் கேட்டார். நான் கையை நீட்டினேன். அவர் முகம் இளகியது, குரல் தணிந்தது. "சாரி சார். ஹி இஸ் நோ மோர்." மறுமுனை ஏதோ சொன்னது. "தேங்க்யூ சார். காட் பிளெஸ் யூ, சார்" என்று மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாருண்ணே?" என்றாள் மனைவி.

"ஒன் மாமனாரத்தான் கேட்டான். வெள்ளக்காரன். ஹார்பர்ல பெரிய ஆளா இருந்திருப்பான் போல. ரொம்ப வருத்தப்பட்டான், பாவம். இன்னுங்கொஞ்சம் பேசியிருப்பேன், லைனப் புடிச்சு வெச்சுக்கக் கூடாதேன்னு டக்குனு வெச்சிட்டேன்."

என் தந்தையை ஒரு வெள்ளைக்காரர் இத்தனை காலம் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறாரே என்று அப்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. பிறகு மூவரும் லண்டனுக்காகக் காத்திருந்தோம். காப்பி ஆறியது. கழுத்தில் டை நனைந்தது. "வெள்ளக்காரன் நேரந் தவறமாட்டானே" என்று மைத்துனர் பலமுறை சொன்னார்.

விளக்கேற்றும் நேரத்தில் மீண்டும் மணி அடித்தபோது, விதிகளை மீறி நானே எடுத்தேன். சைனாடவுன் முகவர். வீட்டுப் பெரியவர் யாருடனாவது பேச வேண்டும் என்றார் ஆங்கிலத்தில், மிகத் தாழ்ந்த குரலில். திடீரென நடந்துவிட்டதா, உடல்நலம் முன்பே சரியில்லையா என்று கேட்டார். பேசுவது நான்தான் என்றேன். அப்படியானால் லண்டன்காரரிடம் நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னது யார் என்று கேட்டார்.

வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார். சிங்கப்பூர்த் தமிழராகிய நம் அடையாள அட்டைகளில் பெயர் 'இன்னார், இன்னாரின் மகன்' என்றுதான் பதிவாகும். இந்த ஊரில் சீனரோ மலாய்க்காரரோ அதைத் தவறாகப் படிக்க மாட்டார். முன்னால் இருப்பதே ஆளின் பெயர் என்று அறிவார். லண்டன்காரர் தம் வழக்கப்படி கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டார். என் தந்தையின் பெயரைச் சொல்லி அவர் கேட்டது என்னை. நான் கைநீட்டி நின்ற இடத்திலேயே இறந்தவனாக்கப்பட்டேன்.

தலைமைப் பொறியாளர் அடுத்த ஆளை அழைத்து, அவரைத் தேர்ந்தும் விட்டார். மறு வாய்ப்புக் கேட்டுப் பார்க்கும்படி முகவரை நான் வற்புறுத்தினேன். அவர் கேட்டார். உயிரோடிருப்பவரை இல்லையென்று சொல்லும் வீட்டிலிருந்து வருகிறவரை நம்பி எரிவாயு மானிகளை ஒப்படைக்க இயலாது என்று அங்கிருந்து பதில் வந்ததாகச் சொன்னார். அது லண்டன் சொன்னதா, முகவரின் சொந்தச் சரக்கா என்பதை நான் அறியேன். பூஜ்யம் காட்டும் மானியை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்னும் பதிலை வைத்திருந்தவன் நான். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

மைத்துனர் அன்றிரவு சாப்பிடாமல் போனார். மறுவாரம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, "மாப்ள, என் நாக்குல சனி" என்று கண்கலங்கினார். நானும், போனது போகட்டும் என்றேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் புளோக்கில் செய்தி கசிந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தொலைபேசி மரியாதை பேசியவர் உயிரோடிருக்கும் மாப்பிள்ளையைச் சாகடித்தார் என்று அவர் அலுவலகத்திலும் சிரித்திருக்கிறார்கள். அவருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது. அதை அவர் என் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து உறவினர் திருமணமொன்றில், பந்தியில் எனக்கு முதுகு காட்டி அமர்ந்து அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "மணி அடிச்சதும் மாப்ளைக்குக் கைகால் ஒதறுது. 'மச்சான், என்னால வெள்ளக்காரன்கிட்ட பேச முடியாது, செத்துட்டேன்னு சொல்லிடுங்க'ங்குறாரு! நான் என்ன பண்றது? மாப்ள சொல்லத் தட்ட முடியுமா? சொல்லிட்டேன் லா." பந்தியே குலுங்கியது. அப்பளம் வைத்துக்கொண்டிருந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அங்கே எழுந்து மறுத்திருக்கலாம். எதிர்ப் பந்தியில் என் மனைவி அமர்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வேண்டுகோள் இருந்தது. திருமண வீட்டில் மைத்துனரைப் பொய்யர் என்று சொல்லும் மனிதன் தானும் கீழிறங்குகிறான் என்று எண்ணி, கைகழுவிவிட்டு வெளியேறினேன். மௌனத்தை ஒப்புதல் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் கதைக்குச் சதை வளர்ந்தது. ஒரு வடிவத்தில் நான் கட்டிலுக்கடியில் ஒளிந்தேன். இன்னொன்றில் என் மனைவி ஒப்பாரி வைத்தாள். விண்ணப்பம் எழுத வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் மேற்பார்வையாளராகவே ஓய்வு பெற்றேன்.

சென்ற மாதம் மைத்துனர் காலமானார். அவருடைய நகைச்சுவை உணர்வுக்குச் சான்றாக, இறுதிச் சடங்குக்கு வந்திருந்த யாரோ அந்தக் கதையைத்தான் எடுத்தார்கள். துக்க வீடு சிரித்தது. அவர் மகன் என் அருகில் வந்து, கண்ணைத் துடைத்தபடி, "அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு மாமா. நெஜமாவே செத்துட்டேன்னு சொல்லச் சொன்னீங்களா?" என்று கேட்டான். பிணம் கூடத்தில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

அந்தச் சாம்பல் நிறத் தொலைபேசி இன்று, நாங்கள் பின்னர் குடிமாறிய பாசிர் ரிஸ் வீட்டில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இணைப்பு இல்லை. சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி அழைப்பவரின் பெயரையே காட்டிவிடுகிறது. இடையில் எடுத்துக் கொடுக்க எவரும் தேவையில்லை. மனைவி வாரம் ஒருமுறை பழையதைத் துடைத்து வைக்கிறாள். தன் அண்ணனை நினைத்துத் துடைக்கிறாளா, என்னை நினைத்தா என்று நான் கேட்டதில்லை.

மருமகனுக்கும் மற்றவர்களுக்கும் என் பதில் இது. நான் நடுங்கவில்லை. ஒளியவில்லை. இறந்துவிட்டதாகச் சொல்லும்படி எவரிடமும் கேட்கவில்லை. அந்த மாலை நான் டை கட்டி, தொலைபேசிக்குக் கையெட்டும் தொலைவில், பேசுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.