யார் உடம்பும் படாத துணி

த்ரேயோவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதூ என்னும் மலைவாழ் ஜனங்களிடம் தலைப்பிள்ளை பிறந்ததோடு பெற்றவளின் பெயர் ஓய்ந்துவிடும். அதன்பிறகு அவள் லீம் அம்மா. அவளுடைய சொந்தப் பெயர் மிஞ்சியிருந்த ஒரே இடம் மலைக்குக் கீழே, ஹோய் ஆன் நகரத்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் சுவர். அங்கே அவளுடைய படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது.

படத்தை அவள் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசை இருந்தது. ஆசையைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

நெசவு அவளுக்குச் சிரமமாக இருந்ததில்லை. தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, தறிக்கட்டையைப் பாதத்தால் உதைத்துக்கொண்டு, கறுப்பு நூலுக்கு நடுவே வெள்ளை மணிகளைக் கோத்துக்கொண்டே போவாள். வாய் அதன்பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். மக்காச்சோளம் போட்டாள், பன்றி வளர்த்தாள், சந்தைக்கு வாழைப்பூ கொண்டுபோனாள். புருஷன் பேச்சு குறைவு. அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை, தனக்கு இடம் நிறையக் கிடைத்தது என்று சொல்லுவாள். ஒரே ஒரு விஷயம்தான். அவள் நெய்த மணித்துணிகள் ஒவ்வொன்றும் யாருக்காவது சீராகப் போயின. பெண் வீட்டார் துணி கொடுப்பார்கள், கோழி கொடுப்பார்கள், மீன் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை வீட்டிலிருந்து பன்றியும் ஜாடியும் வரும். தங்கை கல்யாணம், நாத்தனார் கல்யாணம், நாத்தனார் மகள் கல்யாணம். த்ரேயோ மேலே போர்த்தியிருந்தது தன் கல்யாணத்துக்கு முன் நெய்த பழசு.

லீமுக்குச் சம்பந்தம் பேசி முடித்ததும் வருங்காலச் சம்பந்திக்காக ஒரு பெரிய துணி நெய்தாள். அவள் நெய்ததிலேயே அதுதான் பெரியது. கடைசி முழத்தில் வெள்ளை மணி தீர்ந்துபோயிற்று. ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் மஞ்சள் மணி கோத்து முடித்தாள். தறியிலிருந்து அறுத்து எடுத்த மத்தியானம் வீட்டில் யாருமில்லை. மடித்து வைக்கத்தான் போனாள். ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. தோளில் போட்டாள். கனம் இதமாக இருந்தது. வாசலுக்கு வந்து வெயிலில் நின்று மணிகளை ஆட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் படக்காரர் வந்து நின்றார். நாடு முழுக்க ஒவ்வொரு இனத்தாரிடமும் போய் முகங்களைப் படமெடுக்கிறவர். பக்கத்து வீட்டுக்கு வந்தவர், இவளைப் பார்த்ததும் இங்கேயே நின்றுவிட்டார். த்ரேயோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் எடுத்துவிட்டார். போகும்போது அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அதோடு போயிருக்கலாம். கல்யாணத்தன்று இரண்டு குலத்தாரும் ஊர்ப் பொதுவீட்டில் கூடியிருக்க, துணியைச் சம்பந்தியின் மடியில் வைக்கும்போது வழக்கமான வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். சொன்னாள். "இது யார் உடம்பும் படாத துணி." குரல் நடுங்கவில்லை. அதுதான் பிறகு அவளைப் படுத்தியது.

மாப்பிள்ளை அதிங் வேன் ஓட்டுகிறவன். ஒரு நாள் ஹோய் ஆனில் மழைக்கு ஒதுங்கப்போய், சுவரில் மாமியாரைப் பார்த்தான். வாசற்படியிலிருந்தே பார்த்துவிட்டு வந்து தன் அம்மாவிடம் சொன்னான். அவன் அம்மா ஞோய் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. சம்பந்தியைப் பெரிய ஊரில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களாம், கூடப்பிறந்தவள் மாதிரி இருக்கிற நான் போய்ப் பார்க்காவிட்டால் எப்படி என்று ஆளனுப்பிக்கொண்டே இருந்தாள். த்ரேயோ மழை என்றாள். பன்றி குட்டி போடப்போகிறது என்றாள். பன்றி போட்டு, குட்டிகள் ஓடித் திரிய ஆரம்பித்தன. வேறு சாக்கு கிடைக்கவில்லை.

புறப்பட்ட நாளில் வேன் அவள் வாசலுக்கு வந்தது. கதவு திறந்தது. ஞோய் உள்ளே பூரிப்போடு உட்கார்ந்திருந்தாள். தோளில் அந்தத் துணி. ஓரத்தில் மஞ்சள் வரிசை.

"உங்க படத்தைப் பாக்கப் போறப்போ உங்க கை வேலையைத்தானே போட்டுக்கணும்" என்றாள்.

மலை இறங்கும்வரை த்ரேயோ வாந்தி வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஞோய் அவள் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

படக்காரர் தன் படங்களை மாட்டிவைத்திருந்த அந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சியாக இருந்தது. மரத்தூண்கள், மெல்லிய வெளிச்சம், சுவரெல்லாம் முகங்கள். வந்தவர்கள் கோயிலில் பேசுவதுபோலத் தணிந்து பேசினார்கள். ஞோய்க்குத் தணிந்து பேச வராது. தலையில் சிவப்புத் துணியைக் கூடை அளவுக்குக் கட்டியிருந்த தாவ் இனத்துப் பெண்ணின் முன் நின்று, இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் களை பிடுங்குவாள் என்று கேட்டாள். புகைக்குழாயோடு இருந்த மோங் இனத்துக் கிழவரைப் பார்த்து, "நம்ம ஊர்த் தலைவர் மாதிரியே இருக்காரு. என்ன சொன்னாலும் முடியாதுன்னு சொல்லப்போற மூஞ்சி" என்றாள். வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சிரிப்பு வந்தது.

த்ரேயோ ஒவ்வொரு படத்திடமும் வேண்டுமென்றே நேரமெடுத்தாள். சம்பந்தி களைத்துப் போய்த் திரும்பிவிடலாம் என்று சொல்லமாட்டாளா என்று பார்த்தாள். ஆனால் ஓர் இடத்தில் நடிப்பு மறந்துபோயிற்று. படத்தில் முகம்கூட முழுதாக இல்லை. அவுரிச் சாயத்தில் முழங்கைவரை நீலமாகிப்போன இரண்டு கைகள், அவற்றுக்குப் பின்னால் பாதி முகம். த்ரேயோ தன் கையைத் தூக்கி அந்தக் கைகளுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் இவளுக்கும் அதே நீலம். மொழி தெரியாத ஒருத்தி, வடக்கே எங்கோ, இதே நாற்றத்தில் இதே பானைக்குள் கைவிடுகிறாள். அவளிடம் பேசவேண்டும்போல இருந்தது. இங்கே வந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

அங்கே வேலை பார்க்கும் தியெம் என்ற பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே வந்து, "அம்மா, நீங்க ஜராம் த்ரேயோதானே?" என்றாள்.

தன் பெயரை வேறு யாருடையதோ மாதிரி கேட்டுக்கொண்டு நின்றாள் த்ரேயோ. தியெம் அவள் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப்போனாள். பலபேர் அந்தப் படத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்பார்கள், இவ்வளவு கள்ளமில்லாத சிரிப்பு வேறு படத்தில் இல்லை என்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

படம் ஆளுயரம் இருந்தது. வாயைப் பொத்திய கை, கைக்கு மேலே சுருங்கிய கண்கள், தோளில் துணி. மஞ்சள் வரிசை வெயிலில் பளிச்சென்று இருந்தது.

தியெம் படத்தைப் பார்த்தாள், ஞோயின் தோளைப் பார்த்தாள். "அட, அதே துணி" என்றாள் சந்தோஷமாக. படமெடுத்த மாதமும் வருஷமும் கீழே இருந்தன. ஞோய் குனிந்து அதை வாசித்தாள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் பேசாமல் இருந்தது அப்போது மட்டும்தான்.

த்ரேயோவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. மகளை நினைத்தாள். மருமகள் வீட்டார் சபையில் பொய் சொன்னார்கள் என்றால் அது லீமின் தலையில்தான் வந்து விழும்.

"கள்ளமில்லாத சிரிப்பாம்" என்றாள் ஞோய். "சோளம் திருடினவ மாதிரியில்ல சிரிக்கிறீங்க."

த்ரேயோ வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு தடவைதான் போட்டீங்களா?"

"ரெண்டு. அவர் போனப்புறம் இன்னொரு தடவை."

"எப்படி இருந்துச்சு?"

த்ரேயோ யோசித்தாள். "கழட்ட மனசு வரல, சம்பந்தி."

ஞோய் தலையை ஆட்டினாள். எனக்கும் அப்படித்தான், அதனால்தான் வெயிலில்கூடப் போர்த்திக்கொண்டு அலைகிறேன், மருமகள்கூடக் கேலி செய்கிறாள் என்றாள். பிறகு சபை முன்னால் தீர்ப்புச் சொல்கிறவள்போலக் குரலை மாற்றிக்கொண்டாள். உடம்பு பட்ட துணிக்கு ஒரு சேவல் வரவேண்டும். நல்ல சேவல், நோஞ்சான் ஆகாது. கூடவே இலையில் கொம்பு மாதிரி சுருட்டி அவித்த ஒட்டரிசி, ஒரு கட்டு.

"ஊர்ல யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில்.

அதற்குப் பிறகுதான் த்ரேயோ படத்தை நிதானமாகப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. தியெம் இருவரையும் படத்துக்குக் கீழே நிற்கவைத்துக் கைபேசியில் எடுத்தாள். எடுப்பதற்குமுன் ஞோய் துணியின் ஒரு பாதியை இழுத்து த்ரேயோவின் தோளில் போட்டாள். இருவருக்கும் அது தாராளமாகப் போதும். அதிங் வெளியே ஆற்றோரத்தில் நூடுல்ஸ் கடையில் காத்திருந்தான். அம்மாவும் அத்தையும் ஒரே துணிக்குள் சிக்கிக்கொண்டு நடக்க முடியாமல் வருவதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். வெயில் என்றாள் ஞோய்.

யாருக்கும் சொல்லமாட்டேன் என்றவள் மறுநாளே தன் ஊர் முழுக்கச் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன விதம் வேறு. என் துணி எனக்கு முன்னாலேயே நகரத்துக்குப் போய்ச் சுவரில் ஏறிவிட்டது, உங்கள் வீட்டில் யார் துணிக்காவது அந்த யோகம் உண்டா என்று கேட்டாள். சபையில் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, சேவல் வாங்கியாயிற்று, கணக்கு முடிந்தது என்றாள்.

சேவல் செக்கச்செவேலென்று வால் வளைந்து இருந்தது. த்ரேயோ தானே கூடையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள். ஞோய் அதை அறுக்கவில்லை. அது நேரங்காலமில்லாமல் கூவியது. கூவும்போதெல்லாம், "உங்க அம்மா வந்துட்டாங்க பாரு" என்று லீமிடம் சொல்லுவாள்.